வேகவைத்த பாறை

என் மைத்துனன் தன் கடல் தொட்டியில் இருப்பதையெல்லாம் யாருக்குக் கொடுப்பது என்று யோசிக்க ஆரம்பித்தபோது, அவனுடைய பட்டியலில் நான் இல்லை. மீன் கடைக்காரர் இருந்தார். அவனோடு வேலை பார்க்கும் ஒருவன் இருந்தான். மாடிவீட்டுப் பல் டாக்டர்கூட இருந்தார். சொந்த அக்காவின் வீட்டுக்காரன் நான், எதிரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறேன். என்னைத் தாண்டிச் சுவரைப் பார்த்து யோசிக்கிறான்.

"ஏன் மாப்ள, நாங்கல்லாம் உன் கண்ணுக்குத் தெரியலையா?" என்றேன்.

"அதுக்கில்ல மச்சான். கடல் தொட்டின்னா ரொம்பப் பொறுமை வேணும்."

"எனக்குப் பொறுமை இல்லையா?"

அவனும் என் மனைவியும் ஒரே நேரத்தில் வேறெங்கோ பார்த்தார்கள். மற்ற எல்லாவற்றுக்கும் அடித்துக்கொள்ளும் அக்காவும் தம்பியும் என்னைப் பற்றிய விஷயத்தில் மட்டும் சொல்லிவைத்த மாதிரி ஒன்றாகிவிடுவார்கள்.

அவனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருந்தது. கிளம்ப ஒன்பது வாரம். தொட்டி சுவரோடு சேர்த்துக் கட்டியது, பெயர்க்க முடியாது. உள்ளே இருக்கும் உயிர்களைத்தான் யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும். அதில் முக்கியமானவை இரண்டு: ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் ஜோடி. பெரியது பெண், சின்னது ஆண். இரண்டும் தோல் மாதிரி மடிப்பு மடிப்பாக விரிந்த ஒரு பவளத்துக்குள் படுத்துக்கொள்ளும். என் மனைவி அவற்றுக்குப் பெருசு, சிறுசு என்று பேர் வைத்திருந்தாள்.

அவள் மின்சார அலுவலகத்தில் புகார் கேட்கும் வேலை பார்க்கிறாள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, கரண்ட் போனவர்களிடமெல்லாம் நாள் முழுக்க மன்னிப்புக் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் தம்பி வீட்டுக்குப் போய்த் தொட்டியின் முன்னால் ஒரு மணி நேரம் உட்காருவாள். கண்ணாடியில் விரலை வைத்தால் பெருசு வந்து எதிரே நிற்கும். "இதுங்க மட்டும்தான் என்கிட்ட கம்ப்ளைன்ட் பண்றதில்ல" என்பாள்.

அன்று வீடு திரும்பும்போது பஸ்ஸில் கேட்டாள், "அந்த ரெண்டையும் நாம வெச்சுக்கலாமா?"

கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. கடைசியாகக் கேட்டது ஒரு குடை. அதுவும் நான் தொலைத்த குடைக்குப் பதிலாக. நான் உடனே சரி என்றேன். அடுத்த நாளே மைத்துனனைக் கூப்பிட்டு, "ஒன்பது வாரம் எதுக்கு, ஆறு வாரத்துல தொட்டியைத் தயார் பண்ணிக் காட்டறேன்" என்று வாக்கும் கொடுத்துவிட்டேன்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் அறுவைக் கருவிகளைச் சுத்தம் செய்யும் பிரிவில் இருக்கிறேன், இருபது வருடமாக. ரத்தமும் சதையுமாக வரும் கத்தி, கத்தரி, இடுக்கிகளைக் கழுவி, துணியில் சுற்றி, டேப் ஒட்டி, ஆட்டோகிளேவ் என்ற பெரிய நீராவி இயந்திரத்துக்குள் ஏற்றுவோம். நூற்று முப்பத்து நான்கு டிகிரி. அதில் எந்தக் கிருமியும் பிழைக்காது. சூடு சரியாக ஏறியிருந்தால் டேப்பில் உள்ள கோடுகள் கறுப்பாக மாறும். அந்த டேப்பில் ஒரு துண்டைக் கிழித்துப் பதிவேட்டில் ஒட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். என் பதிவேட்டில் இதுவரை ஒரு குறை கிடையாது. ஆஸ்பத்திரியில் எனக்குப் பேர் பினாயில். "பினாயில் வர்றாரு, எல்லாரும் கையைக் கழுவுங்கப்பா" என்பார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

தொட்டி வந்த நாளிலிருந்தே தலைவலி. நான்கு அடிக் கண்ணாடி. அதைத் தாங்கும் மேசையை ரசமட்டம் வைத்துப் பார்த்தால் இடது பக்கம் இறங்கியிருந்தது. மேசையைக் குறை சொன்னேன், பிறகு பார்த்தால் தரையே அப்படி. பதினைந்து வருடமாகச் சாய்ந்த வீட்டில் குடியிருந்திருக்கிறோம். அட்டை வைத்து நிமிர்த்தி, குளியலறையில் வடிகட்டும் கருவியைப் பொருத்தி, சொட்டுச் சொட்டாக நீர் பிடித்து, இரண்டு நாள் யாரும் நிம்மதியாகக் குளிக்க முடியவில்லை. அந்த நீரில் கடல் உப்பைக் கொட்டி, கலக்கி, ஒரு சொட்டை எடுத்து லென்ஸ் கருவியில் விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் உப்பின் அளவு முப்பத்தைந்து காட்ட வேண்டும். எனக்கு முதல் தடவையே முப்பத்தைந்து. மைத்துனனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். கட்டைவிரல் ஒன்றைப் பதிலுக்கு அனுப்பினான், அவ்வளவுதான்.

அந்த வாரக் கடைசியில் ஒரு பெட்டி நிறையப் பாறைகளைக் கொண்டுவந்தான். எட்டுத் துண்டு. ஈரச் செய்தித்தாளில் சுற்றியிருந்தது. நாற்றம் வாசலிலேயே வந்துவிட்டது.

"எல்லாம் இதுக்குள்ளதான் மச்சான் இருக்கு" என்றான். "கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க. மீனோட கழிவுலேர்ந்து அம்மோனியா வரும், அது விஷம். இந்தக் கிருமிங்கதான் அதைத் தின்னு தீர்க்கும். அப்படியே உள்ள வைங்க. கழுவாதீங்க."

என்னிடம் வந்து கிருமியைப் பற்றிப் பாடம் எடுக்கிறான். சரி சரி என்று அனுப்பிவைத்தேன்.

பெட்டியைத் திறந்து முதல் பாறையைத் துணி மடிக்கும் மேசைமேல் வைத்தேன். பழுப்பும் ஊதாவுமாக, வழுவழுவென்று இருந்தது. ஓர் ஓட்டையிலிருந்து ஒரு புழு எட்டிப் பார்த்தது. விரல் நீளம், இளஞ்சிவப்பு, இரண்டு பக்கமும் சீப்புப் பல் மாதிரி மயிர். அது நிதானமாக வெளியே வந்து, மேசையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மறுபடி உள்ளே போனது. நான் நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டிருந்தேன். எப்போது ஏறினேன் என்று தெரியவில்லை.

சத்தியமாக நான் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அவன் வீட்டுத் தொட்டி அவனைப் போலவே அழுக்கு, மீன்கள் ஏதோ அதிர்ஷ்டத்தில் பிழைத்திருக்கின்றன என்றுதான் நினைத்தேன். என் மனைவி ஆசைப்பட்டுக் கேட்ட ஜீவன்கள். அவற்றைப் புழு நெளியும் குப்பையிலா குடிவைப்பது? ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்டில் பாறைகளைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். சோதனை ஓட்டத்துக்காக ஒதுக்கியிருந்த பழைய இயந்திரம் சும்மாதான் நின்றது. எட்டையும் தனித்தனியாகத் துணியில் சுற்றி, டேப் ஒட்டி, ஏற்றினேன். கதவைத் திறந்ததும் கிளம்பிய வாசனையில் மேல்மாடித் தலைமை நர்ஸ் இறங்கி வந்துவிட்டார்.

"யாருப்பா இங்க மீன் சமைக்கிறது?"

"இயந்திரத்துல ஏதோ கோளாறு சிஸ்டர், பார்த்துட்டிருக்கேன்" என்றேன்.

பாறைகள் வெள்ளை வெளேரென்று வந்திருந்தன. புழுவின் சுவடே இல்லை. தொட்டிக்கென்று ஒரு நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் டேப் துண்டை ஒட்டினேன். பக்கத்தில் எழுதினேன்: பாறை, எட்டு. 134 டிகிரி. தேர்ச்சி.

அதற்குப் பிறகு எதுவும் உருப்படவில்லை.

சோதனைக் குழாயில் தொட்டி நீரை எடுத்து மருந்துச் சொட்டு விட்டால், மஞ்சளாக இருந்தால் அம்மோனியா இல்லை. பச்சை ஏற ஏற விஷம். எனக்குப் பச்சை. முதல் வாரம் இலைப் பச்சை, இரண்டாம் வாரம் பாசிப் பச்சை. மீனே இல்லாத தொட்டியில் எங்கிருந்து வருகிறது இந்த எழவு? நீரை முழுக்க இறைத்தேன். மணலை வெந்நீரில் கழுவினேன். பம்பைப் பிரித்துப் பல்தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். புது நீர், புது உப்பு, முப்பத்தைந்து. நான்கு நாளில் மறுபடி பச்சை.

கடைக்காரரிடம் போனேன். எப்போதும் முழங்கை வரை ஈரமாக இருக்கிற மனிதர். எதையும் அவசரப்பட்டுச் சொல்ல மாட்டார்.

"உங்க உப்புல கலப்படம்" என்றேன்.

"அதே உப்புதான் சார் இங்க எல்லாத் தொட்டியிலயும்."

"அப்ப உங்க சோதனை மருந்து பழசு."

அவர் தன் தொட்டி நீரை அதே மருந்தில் சோதித்துக் காட்டினார். மஞ்சள். எனக்குக் காதில் புகை வந்தது.

"பாறையை என்ன பண்ணீங்க சார்?"

"ஒண்ணும் பண்ணல. சுத்தமா வெச்சிருக்கேன்."

"தண்ணியை மாத்தாம கொஞ்ச நாள் சும்மா விட்டுப் பாருங்களேன்."

சும்மா விடுவதாம்! நாற்றமடிக்கும் தொட்டியைச் சும்மா விடச் சொல்பவரிடம் என்ன பேசுவது? வீட்டுக்கு வந்து மறுபடி எல்லாவற்றையும் இறைத்தேன். ஹாலில் வாளிகள், குழாய்கள், ஈரத் துணிகள். சோபா படுக்கையறைக்குக் குடிபோய், இரவில் எழுந்தால் அதில் முட்டிக்கொண்டோம். முதுகு பிடித்துக்கொண்டது. கை உப்பில் ஊறித் தோல் உரிந்தது. பம்பின் ரீங்காரம் ஆஸ்பத்திரியிலும் காதுக்குள் கேட்டது.

ஐந்தாம் வாரம் என் மனைவி சொன்னாள், "தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன்."

"எதுக்கு? 'மச்சானுக்குப் பொறுமை இல்ல'ன்னு ஊர் பூரா சொல்றதுக்கா?"

"அவன் ஏழு வருஷமா வெச்சிருக்கான். தெரியும்ல."

"ஆமா, உனக்கு உன் தம்பி சொன்னாதான் வேதவாக்கு. நான் கத்துக்குட்டி."

அவள் ஈரத் தரையில் காலைத் தூக்கித் தூக்கி வைத்து உள்ளே போய்விட்டாள். நான் கோபத்தில் பம்பை இன்னொரு தடவை பிரித்தேன்.

நான் சொன்ன ஆறு வாரமும் தாண்டி எட்டாம் வாரம், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மைத்துனன் கூப்பிட்டான். "மச்சான், அம்மோனியா எவ்வளவு காட்டுது?"

"பூஜ்யம்" என்றேன்.

அது பொய் இல்லை. அன்று காலைதான் நீர் முழுவதையும் மாற்றியிருந்தேன். புது நீரில் பூஜ்யம்தானே காட்டும்.

"சூப்பர் மச்சான்! நான்கூட பயந்துட்டு இருந்தேன். அப்ப இங்க எல்லாத்தையும் பிரிச்சுடறேன்."

அவன் குரலில் முதல் தடவையாக என்மேல் ஒரு மரியாதை இருந்தது. அதைக் கேட்டுக்கொண்டே போனை வைத்துவிட்டேன். மீன் வர இன்னும் நான்கு நாள் இருக்கிறது, அதற்குள் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்தான். கையில் மூடி போட்ட இரண்டு வாளிகள். ஒன்றில் பவளம், மற்றதில் பெருசும் சிறுசும். என் மனைவி அலுவலகத்தில் சொல்லிவிட்டு முன்னதாகவே வந்திருந்தாள். தொட்டியின் முன்னால் அவளுக்கென்று ஒரு நாற்காலியைப் போட்டுத் துடைத்து வைத்திருந்தாள்.

மைத்துனன் தொட்டியைப் பார்த்தான். "என்ன மச்சான், பாறை இவ்வளவு வெள்ளையா இருக்கு?"

"சுத்தம்" என்றேன்.

"கணக்கு ஏதும் எழுதி வெச்சிருக்கீங்களா?"

அதில்தான் எனக்குக் கர்வம். நோட்டை எடுத்து நீட்டினேன். முதல் பக்கத்தைத் திறந்தவன் அங்கேயே நின்றான்.

"இது என்ன, கோடு கோடா?"

"அதுவா, ஆட்டோகிளேவ் டேப். கோடு கறுத்திருக்கு பாரு, முழுத் தேர்ச்சி. நூத்தி முப்பத்தி நாலு டிகிரி. ஒரு கிருமி இருக்காது" என்றேன். சொல்லும்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

அவன் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தான். "மச்சான்... பாறையை வேகவெச்சீங்களா?"

அவன் எழுந்து சோதனைக் குழாயை எடுத்து நீரைப் பிடித்து மருந்தை விட்டான். பச்சை. மூன்று பேரும் அதைப் பார்த்தோம்.

"அந்தக் கிருமிங்க இருந்தாதான் மச்சான் தொட்டி. எல்லாத்தையும் கொன்னுட்டு, உள்ள செத்தது அழுகறதைத்தான் இவ்வளவு நாளா இறைச்சுட்டு இருந்திருக்கீங்க." அவனுக்குக் கோபப்படக்கூடத் தெம்பு இல்லை. "போன வாரம் வரைக்கும் என்கிட்ட ஒரு மூட்டைப் பாறை இருந்துச்சு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அதுல பாதியை இங்க வெச்சிருப்பேன், அன்னிக்கே மீனையும் விட்டிருக்கலாம். நீங்க பூஜ்யம்னு சொன்னதாலதான் எல்லாத்தையும் தூக்கிக் குடுத்தேன். நாளைக்குக் காலைல நான் கிளம்பறேன்."

வாளிக்குள் சிறுசு சுற்றிச் சுற்றி வந்தது.

கடைக்காரரைக் கூப்பிட்டான். அவர் மீனையும் பவளத்தையும் விற்காமல் தன் கடைத் தொட்டியில் வைத்துக்கொள்வதாகச் சொன்னார். கிளம்பும்போது என் மனைவி தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிக்கணும் தம்பி. உன்னை அலைய வெச்சுட்டோம். சிரமத்துக்கு வருந்தறோம்."

அது அவளுடைய அலுவலகக் குரல். மெத்தென்று, ஏற்ற இறக்கம் இல்லாமல், கரண்ட் போனவர்களிடம் பேசுகிற குரல். மைத்துனன் ஒரு மாதிரி ஆகிவிட்டான். வாளிக்குள் கைவிட்டு, மீன்கள் ஒளிந்துகொள்ளப் போட்டிருந்த கைப்பிடியளவு பாறையை எடுத்து ஒரு பாத்திரத்தில் அதே நீரோடு வைத்தான். "இதையாவது வேகவெச்சுடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

கதவைச் சாத்திவிட்டு நான் அவளிடம், "நான் வேணும்னு பண்ணல" என்றேன்.

"பரவாயில்லைங்க" என்றாள், அதே குரலில். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நாற்காலியை எடுத்துப் பழைய இடத்தில் போட்டாள்.

அதன் பிறகு வீட்டில் அந்தக் குரல்தான். சாப்பாடு தயாராக இருக்கிறது, தயவுசெய்து வாருங்கள் என்பதுபோல. பதினாறு வருடமாக அவளிடம் வாங்கிய திட்டுகளை நினைத்து ஏங்குவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

கடைக்காரரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. "வெந்த பாறையை எல்லாம் வெளியில எடுத்துடுங்க. என் தொட்டியிலேர்ந்து தண்ணி வடிகட்டற பஞ்சு ஒண்ணு தர்றேன், அழுக்கோட அப்படியே வைங்க. புதுத் தண்ணியை ஊத்தி, அந்தச் சின்னப் பாறையை விட்டு, தினம் ஒரு துளி மீன் தீனி போடுங்க. அப்புறம் கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க. அதுதான் சார் கஷ்டம்."

கஷ்டம் என்பது சின்ன வார்த்தை. இரண்டாம் வாரம் மணல்மேல் பழுப்பாக ஒரு படலம் படர்ந்தது. கண்ணாடியிலும் ஏறியது. மைத்துனன் வெளிநாட்டிலிருந்து படத்தைப் பார்த்துவிட்டு, "நல்லது மச்சான், தானா போயிடும், தொடாதீங்க" என்றான். இந்தத் தடவை அவனிடம் தினமும் கேட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் துணியைக் கையில் எடுத்துக்கொண்டு தொட்டியின் முன்னால் நிற்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு துணியை மடித்து வைப்பேன். மறுபடி எடுப்பேன். என் வீட்டு ஹாலில் நான்கு அடி நீளத்துக்கு அழுக்கு, அதை நானே தீனி போட்டு வளர்க்கிறேன். எரிச்சலில் வீட்டில் மற்ற எல்லாம் பளபளத்தன. ஃபேன் இறக்கையைக்கூட வாரம் இரண்டு தடவை துடைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கடைக்குப் போனாள். ஒரு தடவை நானும் கூடப் போனேன். உப்பு மூட்டைகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணாடியில் விரலை வைத்தாள். பெருசு வந்து நின்றது. அப்போது யாரோ ஒருவர் குனிந்து, "இந்த ஜோடி குடுப்பீங்களா?" என்று அவளிடமே கேட்டார்.

"மன்னிக்கணும் சார். இது விற்பனைக்கு இல்ல. சிரமத்துக்கு வருந்தறோம்" என்றாள்.

நான் வெளியே போய் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கண் கலங்கியதை யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஏழாவது ஞாயிறு காலை. சோதனைக் குழாயை வெளிச்சத்தில் பிடித்தேன். மஞ்சள். முந்தின நாளும் மஞ்சள். அதற்கு முந்தின நாளும். ஒரு வாளி நீர்கூட மாற்றவில்லை. படலம் பாதி மறைந்திருந்தது. நோட்டில் எழுதினேன். தேர்ச்சி என்று எழுதக் கை போனது, எழுதவில்லை. மணல்மேல் ஏதோ அசைந்தது. சின்னப் பாறையின் அடியிலிருந்து ஒரு புழு, விரல் நீளம், இளஞ்சிவப்பு, சீப்புப் பல் மயிரோடு நிதானமாக வெளியே வந்துகொண்டிருந்தது. நான் நாற்காலியில் ஏறவில்லை. மூக்கு கண்ணாடியில் ஒட்டும்வரை குனிந்து பார்த்தேன். உயிரோடு இருந்தது. என் தொட்டியில், என் கையால் சாகாமல் ஒன்று உயிரோடு இருந்தது.

அவள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள், கடைக்குப் போக.

"போறப்ப ஹால்ல இருக்கற ரெண்டு வாளியையும் எடுத்துக்கோ" என்றேன்.

ஒரு செருப்போடு நின்றாள். என்னைப் பார்த்தாள். தொட்டியைப் பார்த்தாள். புழுவையும் பார்த்திருக்க வேண்டும். பிறகு வாளியை எடுத்து உள்ளே எட்டிப் பார்த்து முகர்ந்தாள்.

"இதைக் கழுவினீங்களா?"

"இல்ல."

"சோப்பு?"

"தொடவே இல்ல."

"அப்புறம் என்ன மரம் மாதிரி நின்னுக்கிட்டு இருக்கீங்க? ரெண்டு வாளியை நான் ஒருத்தியா தூக்கிட்டு வரணுமா? சட்டையைப் போட்டுக்கிட்டுக் கிளம்புங்க! மசமசன்னு!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்.

நான் உள்ளே ஓடினேன். சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கிறேன் என்பதைக் கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.